கரையில் இறங்கும் உரிமை: சுற்றுலாக் கப்பல் பயணிகளும் விசா விதிகளும்

சுற்றுலாக் கப்பலில் பயணச்சீட்டு வாங்கும் ஒருவர், கப்பல் தொடும் எல்லாத் துறைமுகங்களிலும் இறங்கி ஊர் பார்க்கும் உரிமையும் அந்தச் சீட்டிலேயே அடங்கியிருப்பதாகப் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார். கப்பலே தங்குமிடமாகவும் உணவுக்கூடமாகவும் இருந்து, இரவில் ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டுக் காலையில் வேறொரு நாட்டில் கொண்டுபோய் நிறுத்துவதால், இடையில் ஓர் எல்லை கடக்கப்பட்டது என்ற உணர்வே பலருக்கு எழுவதில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில், கப்பலின் ஏணிப்படியிலிருந்து துறைமுக மேடைக்கு எடுத்துவைக்கும் அடி, விமான நிலையத்தின் குடிவரவுச் சாவடியைக் கடப்பதற்கு நிகரானது. அந்த அடியை எடுத்துவைக்க யாருக்கு அனுமதி உண்டு, அனுமதி பெற்றவர் கரையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது.

இங்கு ‘கரைச் சுற்றுலா’ எனப்படுவது, கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் பயணிகள் கரையிறங்கி, அருகிலுள்ள இடங்களைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவதாகும். இது மூன்று வகைப்படும். கப்பல் நிறுவனமே கட்டணம் பெற்று அழைத்துச் செல்வது ஒன்று. உள்ளூர்ச் சுற்றுலா நிறுவனம் ஒன்றிடம் பயணி நேரடியாகப் பதிவு செய்துகொள்வது மற்றொன்று. யாருடைய துணையுமின்றித் தாமே பேருந்தோ தொடர்வண்டியோ ஏறிச் செல்வது மூன்றாவது. செலவையும் வசதியையும் மட்டும் கருதி இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பயணிகளின் வழக்கம் என்றாலும், சில நாடுகளில் விசா தேவையா இல்லையா என்பதே இந்தத் தேர்வைப் பொறுத்து அமைகிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

72 மணி நேரம் என்ற வரம்பு

கப்பல் பயணிகளுக்கான சலுகைகளில் 72 மணி நேரம் என்ற அளவு திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. பன்னாட்டுக் கடல் போக்குவரத்தில் ஆவணச் சுமையைக் குறைக்கும் நோக்குடன் 1965-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் உருவாகி, 1967-இல் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு பேணிவரும் இந்த ஒப்பந்தத்தின் இணைப்பு விதிகளில், சுற்றுலாக் கப்பல் ஒரு துறைமுகத்தில் 72 மணி நேரத்துக்குக் குறைவாக நிற்குமானால் அதன் பயணிகளிடம் விசா கேட்கக் கூடாது என்ற விதி இடம்பெற்றுள்ளது. ஆயினும் அதே விதி, சிறப்புச் சூழ்நிலைகளில் விசா கேட்கலாம், அச்சூழ்நிலைகள் எவை என்பதை அந்தந்த நாட்டு அதிகாரிகளே முடிவு செய்யலாம் என்று ஒரு விலக்கையும் தருகிறது. உறுப்பு நாடுகள் தங்கள் நடைமுறை மாறுபடுவதைத் தெரிவித்துவிட்டு வேறு வழியில் செல்லவும் ஒப்பந்தம் இடமளிக்கிறது. ஆகவே இந்த விதியைச் சில நாடுகள் முழுமையாகவும், சில நாடுகள் நிபந்தனைகளுடனும் பின்பற்ற, வேறு சில நாடுகள் பின்பற்றுவதே இல்லை.

இத்தகைய சலுகையின் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. விசா கேட்டு வரும் தனிமனிதர் திரும்பிப் போவாரா, எங்கே தங்குவார், செலவுக்கு என்ன செய்வார் என்பவற்றைத் தூதரகம் ஆராய்கிறது. கப்பல் பயணியின் பொருட்டு இக்கேள்விகளுக்கெல்லாம் கப்பலே விடையாக நிற்கிறது: அவர் தங்குமிடம் கப்பலில் இருக்கிறது, திரும்பும் வழியும் அதுவே, அவர் பெயர் முன்கூட்டியே அனுப்பப்பட்ட பயணியர் பட்டியலில் உள்ளது. சுருங்கச் சொன்னால், கப்பல் அவருக்குப் பிணை நிற்கிறது. அந்தப் பிணை மட்டும் போதும் என்று கருதும் நாடுகள் பயணியைத் தனியே உலவ விடுகின்றன; போதாது என்று கருதும் நாடுகள் கரையிலும் ஒரு பொறுப்பாளரைக் கேட்கின்றன.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காட்டிய பாடம்

கரையிலும் பொறுப்பாளரைக் கேட்கும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக நெடுங்காலம் விளங்கியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகமும், பீட்டர்ஹோஃப் நீரூற்றுப் பூங்காவும், த்சார்ஸ்கோயே செலோவின் அரண்மனையும் கொண்ட இந்நகரம், பால்டிக் கடல் பயணத்தின் மணிமுடியாகக் கருதப்பட்டது. வசிலியெவ்ஸ்கித் தீவின் மேற்குக் கரையில் 2008-இல் திறக்கப்பட்ட புதிய பயணியர் துறைமுகத்தில், கோடைக்காலத்தில் பெருங்கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன. ரஷ்ய விசா பெறுவது கடினமும் செலவும் மிகுந்ததாக இருந்த காலத்தில், இக்கப்பல்களில் வந்த பயணிகள் விசா இல்லாமலே 72 மணி நேரம் வரை நகரைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர்.

அந்தச் சலுகைக்கு உரியவர், உரிமம் பெற்ற சுற்றுலா நடத்துநரின் குழுவில் ஒருவராக, வழிகாட்டியுடன் சென்று வழிகாட்டியுடன் திரும்பும் பயணி மட்டுமே. அவர் குடிவரவுச் சாவடியில் கடவுச்சீட்டுடன் சுற்றுலாச் சீட்டையும் காட்ட வேண்டும். பகல் சுற்றுலா முடிந்தபின் மாலையில் பாலே நடனம் காண விரும்பினால் அதற்கும் தனியாகச் சீட்டு வேண்டும். கடைத்தெருவில் சிறிது நடந்துவரவோ, உணவகத்தில் அமர்ந்து உண்ணவோ தாமாக இறங்குவதற்கு விசா இல்லாதவருக்கு வழியில்லை. சுற்றுலாவில் சேராதவர், கண்ணுக்கு எட்டிய தொலைவில் நகரம் இருந்தும், கப்பலிலேயே இருக்க நேர்ந்தது.

இவ்விதியைக் குறித்து ஒரு தவறான எண்ணமும் பரவியிருந்தது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கினால் மட்டுமே விசா விலக்கு கிடைக்கும் என்று பயணிகள் பலர் நம்பினர்; நிறுவனங்கள் சிலவற்றின் அறிவிப்புகளும் அவ்வாறு பொருள்கொள்ளும்படியே அமைந்திருந்தன. உண்மையில் சட்டம் கேட்டது உரிமம் பெற்ற நடத்துநரின் சீட்டை. அந்நடத்துநர் கப்பலால் அமர்த்தப்பட்டவரா, பயணியே தேர்ந்துகொண்டவரா என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆகையால் நகரின் உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் நேரடியாகப் பதிவு செய்து, சிறு குழுவாக, குறைந்த நெரிசலில் ஊர் பார்த்துத் திரும்பியவர்களும் பலர். விதியின் சொற்களை நேராகப் படித்தவருக்கும் பிறர் சொன்னதைக் கேட்டு நம்பியவருக்கும் இடையே இருந்த வேறுபாடு, பணத்திலும் பட்டறிவிலும் பெரிதாகவே இருந்தது.

பயணியர் படகுச் சேவைகளுக்கு, அதாவது ஃபெரிகளுக்கு, ரஷ்ய அரசு 2009 மே மாதம் தனி ஆணை ஒன்றின் மூலம் இதே 72 மணி நேரச் சலுகையை வகுத்தது. ஹெல்சிங்கியிலிருந்து அத்தகைய படகில் வந்தவர்கள், துறைமுகத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே ஓடும் பேருந்துச் சீட்டையே ‘நகரச் சுற்றுலா’ என்ற பெயரில் வாங்கிக்கொண்டு, அதன்பின் தங்கள் விருப்பம்போல் உலவ முடிந்தது. ஒரே நகரம், ஒரே கால வரம்பு. ஆனால் வந்து சேர்ந்த கலத்தைப் பொறுத்துப் பயணியின் சுதந்திரம் மாறியது. பின்னர் 2019 அக்டோபரில் இந்தியா உள்ளிட்ட 53 நாடுகளின் குடிமக்களுக்கு இந்நகருக்கென இலவச மின்னணு விசா அறிமுகமாகி, சுற்றுலாக் கப்பலில் வருவோருக்கும் தனியே நடக்கும் உரிமை எளிதில் கைக்கெட்டியது. ஆயினும் பால்டிக் கப்பல் பயணங்கள் பெரும்பாலும் கோடைக்காலத்துக்கு உரியவை. அடுத்த கோடை வருமுன்பே, 2020 மார்ச்சில், பெருந்தொற்று எல்லைகளை மூடிவிட்டது. 2022-இல் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து மேலைநாட்டுக் கப்பல் நிறுவனங்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைத் தங்கள் பயணத் திட்டங்களிலிருந்து நீக்கின. கரையிறங்கும் சலுகை எவ்வளவு விரைவில் பிறந்து எவ்வளவு விரைவில் மறையக்கூடியது என்பதற்கு இந்நகரின் வரலாறே சான்று.

நாட்டுக்கு நாடு மாறும் அளவுகோல்

துருக்கியின் 2013-ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம், கடல் வழியே வந்து துறைமுக நகரையும் அண்டை மாகாணங்களையும் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு, 72 மணி நேரத்துக்கு மேற்படாமல், விசா விலக்கு அளிக்க இடம் தருகிறது. குஷாதாசித் துறைமுகத்தில் இறங்கி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபேசு நகரின் இடிபாடுகளைக் காணச் செல்வோருக்கு இது பயன்படுகிறது. ஜப்பான் 2015 முதல், தன்னால் குறிப்பிடப்பட்ட கப்பல்களின் பயணிகளுக்குக் ‘கப்பல் சுற்றுலாக் கரையிறங்கு அனுமதி’ என்ற எளிய முறையைக் கையாள்கிறது. கப்பல் புறப்படுமுன் திரும்பிவிட வேண்டும் என்பதே அதன் முதன்மையான நிபந்தனை. சீனாவோ 2024 மே மாதம் முதல், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட அயல்நாட்டுக் குழு, சீனப் பயண நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் கப்பல் வழியே வந்தால் 15 நாள்வரை விசா இன்றித் தங்கலாம் என்று அறிவித்தது. அக்குழு தான் வந்த அதே கப்பலிலேயே அடுத்த துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும்.

இந்தியாவும் இந்த வரிசையில் இடம்பெறுகிறது. சென்னையில் இறங்கி மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் பார்க்க வரும் அயல்நாட்டுக் கப்பல் பயணிகளுக்குப் பொதுவாக விசா தேவை. மும்பை, மர்மகோவா, மங்களூர், கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களில் மின்னணு விசா ஏற்கப்படுகிறது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழு, அங்கீகாரம் பெற்ற இந்தியப் பயண நிறுவனத்தின் பொறுப்பில், முன்பே வகுத்த பயணத் திட்டத்துடன் வந்தால் கூட்டுக் கரையிறங்கு அனுமதி வழங்கும் முறையும் இங்கு உண்டு. குழுவையும் பொறுப்பாளரையும் நாடும் ரஷ்ய, சீன விதிகளின் அதே சிந்தனை இதிலும் தெரிகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, விசா எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது என்பதாகும். 29 ஐரோப்பிய நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனையின்றிப் பொது விசா வழங்கும் ஷெங்கன் பகுதியில், பார்சலோனாவில் கப்பலேறி, துனிசியாவின் துறைமுகம் ஒன்றைத் தொட்டு, இத்தாலிக்குத் திரும்பும் பயணி அப்பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறார். ஒருமுறை நுழைவு விசா முதல் நுழைவிலேயே தீர்ந்துவிடுவதால், அவருக்குப் பன்முறை நுழைவு விசா தேவைப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்கா சென்று திரும்பும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகத்தைத் தொடுவதற்குக் காரணமும் ஒரு சட்டமே: அயல்நாட்டுக் கொடியுடைய கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதனால் அமெரிக்க மாநிலங்களை மட்டுமே பார்க்க எண்ணிய இந்தியப் பயணி, அமெரிக்கப் பன்முறை நுழைவு விசாவுடன் கனடா விசாவையும் பெற வேண்டியவராகிறார். கரையில் இறங்கப்போவதில்லை என்று சொல்பவரிடமும் கப்பல் நிறுவனம் புறப்பாட்டிலேயே விசாவைக் கேட்கலாம். இல்லையெனில் கப்பலில் ஏற்ற மறுக்கலாம். அவ்வாறு மறுக்கப்பட்டால் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

தனியே செல்வோர் அறிய வேண்டியவை

விசா கைவசம் இருந்தாலும், தனிச் சுற்றுலாவுக்கு நேரம் என்ற மற்றோர் எல்லை உண்டு. பயண அட்டவணையில் ஒரு நகரின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதாலேயே கப்பல் அந்நகரிலேயே நிற்கும் என்று கொள்ள முடியாது. ‘ரோம்’ என்று குறிக்கப்படும் துறைமுகமான சிவிட்டாவெக்கியா ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ‘பாரிஸ்’ எனப்படும் லெ ஆவ்ர் ஏறத்தாழ 200 கிலோமீட்டரும், ‘பெர்லின்’ எனப்படும் வார்னமுண்டே அதற்கு மேலும் தொலைவில் உள்ளன. கப்பல் நிற்கும் நேரத்திலிருந்து போக்குவரவு நேரத்தையும், கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பயணிகள் ஏறிவிட வேண்டும் என்ற விதியையும் கழித்துப் பார்த்தால், ஊர் பார்க்க எஞ்சுவது எவ்வளவு என்பது தெளிவாகும். கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திருக்கும் கடமை அதற்கு இல்லை.

கப்பலைத் தவறவிட்டவரின் நிலை, விசா விலக்கில் இறங்கியவருக்கு இரட்டிப்பாகக் கடினமாகிறது. அவருக்குப் பிணை நின்ற கப்பல் போய்விட்டதால், அந்நாட்டில் அவர் இருப்பதற்கான சட்ட அடிப்படையும் அதனுடன் போய்விடுகிறது. துறைமுக முகவர் எனப்படும், கப்பல் நிறுவனத்தின் சார்பில் துறைமுகப் பணிகளைக் கவனிப்பவரையும், தம் நாட்டுத் தூதரகத்தையும், குடிவரவுத் துறையையும் அவர் நாட வேண்டியிருக்கும். விமானம் வழியே வெளியேறுவதற்குத் தனி அனுமதியும் தேவைப்படலாம். ஆகவே கடவுச்சீட்டின் நகல், துறைமுக முகவரின் தொலைபேசி எண், அடுத்த துறைமுகத்தின் பெயர், அவசரச் செலவுக்கான பணம் ஆகியவை தனியே செல்பவரின் கைப்பையில் இருந்தே தீர வேண்டும்.

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யுமுன், அட்டவணையிலுள்ள ஒவ்வொரு துறைமுகத்தையும் தனி நாடாகக் கொண்டு, அந்நாட்டுத் தூதரகம் அல்லது குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ அறிவிப்பில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவது ஒவ்வொரு பயணியின் கடமையாகும்: கரையிறங்க விசா வேண்டுமா, வேண்டாம் எனில் அந்த விலக்கு தனியே செல்வோருக்கும் பொருந்துமா அல்லது உரிமம் பெற்ற நடத்துநரின் குழுவினருக்கு மட்டுமா, கப்பல் அந்நாட்டு எல்லைக்குள் எத்தனை முறை நுழைகிறது? கப்பல் நிறுவனமும் பயண முகவரும் தரும் தகவல் உதவியாக இருக்கலாம். ஆனால் ஆவணங்களுக்கான பொறுப்பைப் பயணச்சீட்டின் நிபந்தனைகள் பயணியின் மீதே சுமத்துகின்றன. கப்பல் சீட்டு கடலுக்கு உரியது; கரைக்கு உரிய அனுமதியைப் பயணியே தேடிப் பெற வேண்டும்.