நாய்க்குப் பனடோல் கொடுக்கலாமா?

கச்சான் விளையும் காலத்தில் இரவுக் காவலில் பெரும்பங்கு நாயினுடையது. பன்றி வந்தால் முதலில் குரைப்பது அதுதான். அந்த நாய் சோற்றைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தால் என்ன செய்வோம்? மிருக வைத்தியரிடம் போக பஸ் செலவு, ஒரு நாள் கூலி நட்டம். வீட்டில் இருப்பதோ பனடோல். இடப்பெயர்வுக் காலத்தில் காய்ச்சல், தலையிடி, உளைவு எல்லாவற்றுக்கும் அதையே விழுங்கிப் பழகிய நாம், நாய்க்கும் ஒன்றை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் ஒன்று. நாயின் உடல் நம்முடையதை விடச் சூடானது. 38 முதல் 39 பாகை செல்சியஸ் அதற்கு இயல்பான நிலை. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. 50 கிலோ எடையுள்ளவர் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை விழுங்கினால் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு அதே குளிசை கிலோவுக்கு 50. காலையும் மாலையும் கொடுத்தால் 100. அந்த அளவில் ஈரல் பழுதடையத் தொடங்கலாம். வாந்தி, கண் மஞ்சளாதல், முரசு மண்ணிறமாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பூனையின் நிலை இன்னும் மோசம். இம்மருந்தைக் கழித்து வெளியேற்றும் வல்லமை அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. அரைக் குளிசையே பூனையைக் கொல்லக்கூடும்.

மூட்டுநோவுக்கு நாம் போடும் இபுபுரூபன், டைக்ளோபெனக் என்பனவும் நாய்க்கு ஆகா. குடலில் புண் வரும், சிறுநீரகம் செயலிழக்கும். டைக்ளோபெனக்கின் கதை பெரியது. இந்தியாவில் மாடுகளுக்கு அதை ஏற்றினார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோபெனக் தடைசெய்யப்பட்டது. பின்னர் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். 2015இல் அந்த ஊசிமருந்தையும் 3 மில்லிலீற்றர் குப்பிக்குள் அடக்க வேண்டியதாயிற்று.

மனித மருந்து எல்லாமே நஞ்சு என்பதல்ல. உண்ணிக் காய்ச்சலுக்கு மிருக வைத்தியர் தரும் டொக்சிசைக்கிளின் நமக்கும் தரப்படுவதுதான். ஆனால் நாயின் எடை பார்த்து, எத்தனை நாள் என்று கணக்கிட்டுத் தருவார். அலுவலகம் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது கேளுங்கள். அதுவரை நிழலும் தண்ணீரும் கொடுத்து, உண்ணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஏற்கெனவே குளிசை கொடுத்திருந்தால் அதன் உறையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைப்பது வேறொரு ஆபத்து.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நாய்க்கல்ல, குளிசை பருக்கும் கைக்குத்தான். வாயிலிருந்து எச்சில் வடிய, தாடை தொங்க, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்து "தொண்டையில் எலும்பு" என்று வாய்க்குள் கை விடுகிறார்கள். அது விசர்நோயாக இருக்கலாம். குணங்குறி தோன்றிய பின் மனிதருக்கும் நாய்க்கும் அதற்கு மருந்தில்லை. அப்படியான நாயைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். கடி இல்லாவிட்டாலும், விரல் கீறலில் எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம்.