சுவரில் அமர்ந்த அண்டங்காக்கை

ஆண்டுதோறும் அக்டோபர் 31 ஆம் நாள் இரவு அமெரிக்க நாட்டில் ‘ஹாலோவீன்’ கொண்டாடப்படுகிறது. பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றுவதும், எலும்புக்கூடு, வௌவால் முதலிய உருவங்களை வீட்டில் தொங்கவிடுவதும் அந்நாளின் வழக்கம். அவற்றினிடையே இலக்கியத்திலிருந்து பிறந்த சுவர்ப்படங்களும் இடம்பெறுவதுண்டு. அவற்றுள் ஒன்றாகிய, எட்கர் ஆலன் போவின் ‘அண்டங்காக்கை’யை ஈண்டு நாம் காண்போம்.

1845 இல் வெளிவந்த இக்கவிதையின் கதை எளியது. காதலியை இழந்த ஒருவன் டிசம்பர் நள்ளிரவில் தனித்திருக்கிறான். உள்ளே வந்த அண்டங்காக்கை, கதவின் மேலுள்ள பல்லாஸ் என்னும் கிரேக்க அறிவுத் தெய்வத்தின் சிலைமீது அமர்கிறது. எதைக் கேட்பினும் ஒரே சொல்லையே விடையாகத் தருகிறது. விடை அதுவே என அறிந்தும், தன் துயரைப் பெருக்கும் வினாக்களையே அவன் மேன்மேலும் தொடுக்கிறான். ஆகவே, இக்கவிதையின் அச்சம் பறவையிடத்தில் இல்லை. துயருற்ற மனத்தில் உள்ளது. முதலில் கிளியை எண்ணிப் பின்னரே கவிதையின் உணர்வுக்கேற்ற அண்டங்காக்கையைத் தேர்ந்ததாகப் போ 1846 இல் எழுதிய கட்டுரையில் கூறுவது நோக்கத்தக்கது.

இவ்வுண்மையை ஓவியர்கள் உணர்ந்திருந்தனர். மல்லார்மேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு 1875 இல் படம் வரைந்த மானே, இறுதிக் காட்சியில் வெறும் நாற்காலியையும் தரையில் படிந்த நிழலையுமே தீட்டினார். குஸ்தாவ் தோரேயின் படங்களோ அவர் மறைவுக்குப்பின் 1884 இல் நூலாயின.

இனி, சுவர்ப்படம் செய்யும் முறையைக் காண்போம். நூலைக் கிழித்தல் வேண்டா. கவிதையின் பக்கத்தை நகலெடுத்தால் போதும். அத்தாளில் தேயிலை வடிநீரை மெல்லப் பூசி உலர்த்தினால் பழந்தாளின் நிறம் வாய்க்கும். அதனை அட்டையில் ஒட்டிச் சட்டமிட வேண்டும். சிலையும் பறவையும் ஒன்றிணைந்த உருவைக் கறுப்புத் தாளில் வெட்டி, பின்புறம் சிறு அட்டைத் துண்டுகளை வைத்துச் சற்றே உயர்த்திப் பொருத்த வேண்டும். பக்கவாட்டில் விளக்கொளி படும்போது எழுத்துகளின் மேல் நிழல் விழும். கவிதையில் உள்ளவாறே கதவின் மேல் மாட்டுதல் சிறப்பு.

குருதித் துளிகளையும் மண்டையோடுகளையும் சேர்ப்பின் அது வெறும் அச்சப்பொருளாகிவிடும். ஓரிரவு அலங்காரமே எனினும், அதனைக் காணும் இளைஞர் ஒருவர் ‘இப்பறவை யாது?’ என வினவி ஏட்டைத் தேடிச் செல்வாராயின், அப்படம் தன் கடமையைச் செய்ததாக நாம் கொள்ளலாம்.