கடலிலும் ஒரு தனியன்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கூட்டத்தைவிட்டு ஒதுங்கித் திரியும் தனியன் யானையை இங்கே அறியாதவர் இல்லை. பதுளை, பசறைப் பக்கத் தோட்டங்களிலிருந்து புத்தல வழியாகக் கதிர்காமம் போகிற வான்கள், தனியன் வழிமறித்தால் காட்டுக்கு நடுவே நின்றுவிடும். ஜன்னல் வழியே வாழைப்பழம் நீளும். தும்பிக்கை உள்ளே வந்து துழாவும். மனிதரைத் தேடி வரும் தனியன்கள் கடலிலும் உண்டு.

அயர்லாந்தின் டிங்கிள் துறைமுகத்தில் 1983இல் ஓர் ஆண் டொல்பின் தனியாக வந்து தங்கியது. ஊரார் அதை ஃபங்கி என்று அழைத்தார்கள். படகு கிளம்பினால் பக்கத்திலேயே வந்து துள்ளும். நீந்துகிறவர்களைச் சுற்றி வரும். இரையை மட்டும் தானே பிடித்துத் தின்றது. 2020 ஒக்டோபரில் காணாமல் போகும்வரை, 37 ஆண்டுகள், அது அந்தத் துறைமுகப் பக்கமே இருந்தது.

தீனி கேட்காத உயிருக்கு மனிதரிடம் என்ன வேலை? டொல்பின்கள் உறவாடியே வாழ்பவை. ஃபங்கியின் இனத்தில் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை ஒலி உண்டு. ஒன்றையொன்று துடுப்பால் தடவிக்கொள்ளும். வழிதவறியோ துணையை இழந்தோ தன் இயல்பினாலோ ஒன்று தனித்துப்போனாலும், உறவுக்கான தேவை அதைவிட்டுப் போவதில்லை. முதலில் ஒரு குடாவில் தங்கும். பிறகு படகுகளின் பின்னே போகும். நங்கூரக் கயிற்றை உரசிப் பார்க்கும். கடைசியில் மனிதரையே அண்ட விடும்.

அந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு. 1999இல் பிறந்த லூனா, டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஓர்கா. அது கனடாவின் நூட்கா குடாவில் 2001இல் தனியாகக் காணப்பட்டது. அதன் வகை ஓர்காக்களில் குட்டிகள் வளர்ந்த பின்னும் ஆயுள் முழுக்கத் தாயோடுதான் இருக்கும். தாயைப் பிரிந்த லூனா படகுகளைத் துணையாக்கிக்கொண்டது. அவற்றை உரசியது, தள்ளி விளையாடியது. 2006 மார்ச்சில் ஓர் இழுவைக் கப்பலின் சுழல்விசிறியில் சிக்கி இறந்தது.

டொல்பினுக்கும் யானைக்கும் நெருங்கிய இரத்த உறவு இல்லை. தரையில் டொல்பினுக்குக் கிட்டிய உறவு நீர்யானை. கடலில் யானைக்குக் கிட்டிய உறவு மன்னார்க் கடலின் கடற்பசு. ஆனாலும் டொல்பின், யானை இரண்டுக்குமே பெரிய மூளை, நீண்ட பிள்ளைப்பருவம், தாயோடு கற்கும் வாழ்க்கை. ஆண் யானை வாலிப வயதில் பிறந்த கூட்டத்தைவிட்டு விலகுகிறது. தனியாகவோ மற்ற ஆண்களோடோ அலைந்து பிழைக்கும் வழிகளைத் தேடுகிறது. வீதியோரம் நிற்பதும் அப்படிக் கண்டுபிடித்த ஒரு வழிதான்.

ஊவாவும் சப்ரகமுவவும் சந்திக்கும் உடவலவைத் தேசிய பூங்காவில், 2006 முதல் 2024 வரை தெற்கு வேலியோரம் தீனிக்காக நின்ற யானைகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 66 யானைகள், எல்லாமே ஆண்கள். அங்குள்ள ஆண் யானைகளில் இது 9 முதல் 15 சதவீதம். ராம்போ என்ற யானை பேர்பெற்ற உல்லாசப் பயணக் காட்சியாகவே ஆகிவிட்டது.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் தின்னும் மிருகத்துக்கு ஒரு சீப்புப் பழம் பசி தீர்க்காது. ஆனால் இலைதழையில் கிடைக்காத இனிப்பு நாவில் பட்டுவிட்டால், அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. பழம் இருந்த சொப்பிங் பேக்கும் வயிற்றுக்குள் போகும். கிடைக்காத நாளில் வேலியை உடைக்கும், வாகனத்தைத் தாக்கும். இதில் மனிதரும் செத்திருக்கிறார்கள், யானைகளும் செத்திருக்கின்றன.

காட்டு மிருகத்தைக் காப்பது மனிதர்மேல் அதற்குள்ள பயம். டொல்பினிடம் அது துணைக்கான ஏக்கத்தால் குறைகிறது; யானையிடம் நம் கைப்பழத்தால் குறைகிறது. டொல்பினின் ஏக்கம் நம் பொறுப்பில் இல்லை. கைப்பழம் முழுக்க நம் பொறுப்பு. தீனி போடத் தடையும் இருக்கிறது. ஆகவே கதிர்காமம் போகும் வழியில் தனியன் எதிர்ப்பட்டால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பழத்தைப் பையிலேயே வையுங்கள். அடுத்து வரும் வானில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த யானைக்கும் அதுவே பாதுகாப்பு.