டிடெக்டர் கத்தினால் கேமரா இருக்கிறதா?
மறைகருவிகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

லாட்ஜ் அறையில் டிடெக்டர் ‘பீப்’ அடித்தால் கேமரா இருப்பது உறுதிதானா?

இல்லை. ரேடியோ அலை வருகிறதா, எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைத்தான் கையடக்க டிடெக்டர் காட்டும். அந்த அலை எதிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. வராந்தாவிலுள்ள வைஃபை ரவுட்டருக்கும் பக்கத்து அறை செல்போனுக்கும் ஒரே மாதிரிதான் கத்தும்.

பிறகு எப்படித்தான் தேடுவது?

முதலில் உங்கள் போனையும் ப்ளூடூத் சாதனங்களையும் அணையுங்கள். அறை நடுவில் நின்று, சத்தம் அடங்கும்வரை டிடெக்டரின் உணர்திறனைக் குறையுங்கள். பிறகு கடிகாரம், சார்ஜர், செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றின் அருகிலும் ஆன்டெனாவை மெதுவாகக் கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் அலையின் வலு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அந்தப் பொருளிலிருந்தே அலை வந்தால், நெருங்க நெருங்கச் சத்தம் சட்டென்று எகிறும். வெளியிலிருந்து வருவது அப்படி மாறாது. சில கேமராக்கள் அசைவு தெரிந்தால்தான் படம் அனுப்பும். அதனால் எதிரே கையை அசைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

சத்தமே வரவில்லை. நிம்மதியாகத் தூங்கலாமா?

கூடாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்யும் கேமரா ரேடியோவில் எதையும் அனுப்புவதில்லை. டிடெக்டர் அதன்மேலேயே பட்டாலும் வாய் திறக்காது. விலை மலிவான கருவிகளை விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

இப்படி வாய்மூடிக் கிடக்கும் கருவி புதிதல்ல. 1945-இல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரையைப் பரிசளித்தார்கள். அதனுள் ஒட்டுக்கேட்புக் கருவி இருந்தது. பேட்டரி கிடையாது, மின்இணைப்பும் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர்பெறும். தூதர் இல்லத்தில் தொங்கிய அது 1952-இல்தான் பிடிபட்டது.

ஆகவே கண்ணையும் நம்புங்கள். விளக்குகளை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துச் சுவர், கடிகாரம், பிளக் பாயிண்ட் என்று மெல்ல ஓட்டுங்கள். துளைக்குள் லென்ஸ் இருந்தால் சின்னப் புள்ளியாக மினுங்கும். இருட்டில் படமெடுக்கும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு, பெரும்பாலும் போனின் முன்பக்கக் கேமராவில் தெரியும்.

ரேடியோவில் கரகரப்பு வருகிறது. அதையும் இப்படித் தேடலாமா?

தேடலாம். வேல்ஸின் ஆபர்ஹோசன் கிராமத்தில் 18 மாதங்களாகத் தினமும் காலை ஏழு மணிக்கு இணையம் படுத்துவிடும். கேபிளை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் விடியற்காலையில் கொட்டும் மழையில் கையடக்க அலைக்கற்றை ஆய்வுக்கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்குச் சிக்கியது, போட்டதும் மின் இரைச்சலைக் கிளப்பிய ஒரு வீட்டின் பழைய டிவி. 2020-இல் இது செய்தியானது.

உங்கள் வீட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏ.எம். ரேடியோ போதும். நிலையம் எதுவும் கேட்காத அலைவரிசையில் வைத்து, எல்.இ.டி. பல்பு, சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் அருகே கொண்டுபோங்கள். இரைச்சல் எங்கே கூடுகிறதோ, அதை அணைத்துப் பாருங்கள்.

கேமரா அகப்பட்டால்?

பிடுங்காதீர்கள், தொடாதீர்கள், அது சாட்சியம். படமெடுத்துக்கொண்டு வெளியே வந்து 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181-உம் உண்டு. பெண்ணின் அந்தரங்கத்தை இப்படிப் படமெடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் ஆண்களும் புகார் தரலாம்.