ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் தஞ்சாவூர்க்காரர் அடித்தது! கேரளாவுக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சும் அவரே!

தஞ்சாவூர்:

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக எப்போது கோல் போட்டது? டீக்கடையில் நாலு பேரிடம் கேட்டால், "இந்தியா ஒலிம்பிக்கில் ஃபுட்பால் ஆடியதா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆடியது. ஒரு முறை அல்ல, 4 முறை. அதில் கடைசி கோலை அடித்தவர் நம்ம தஞ்சாவூர்க்காரர். பெயர் சைமன் சுந்தரராஜ்.

ஆண்டு 1960. இடம் இத்தாலி. அதன் பிறகு 2024 பாரீஸ் வரை 16 ஒலிம்பிக் நடந்து முடிந்துவிட்டது. ஒன்றில்கூட இந்திய ஆண்கள் கால்பந்து அணி கால் வைக்கவில்லை. அதனால் சைமன் அடித்த கோல்தான் இன்றுவரை கடைசி கோல்.

8 ஆட்டம், 10 கோல்

சுதந்திரம் வாங்கிய மறு வருடமே, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா களம் இறங்கியது. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்சிடம் 1-2 என்று தோற்றாலும் ஒரு கோல் கிடைத்தது. அதை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அது.

1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. வெறுங்கால் ஆட்டம் இனி வேலைக்கு ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது. பூட்ஸ் போட்டுப் பழகினார்கள். பலன் உடனே தெரிந்தது. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரை இறுதிக்குப் போனது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். முடிவில் 4-வது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் தொட்ட உச்சம் அதுதான்.

அதற்கு அடுத்ததுதான் 1960 ரோம் ஒலிம்பிக். நான்கு ஒலிம்பிக்கையும் கூட்டினால் இந்தியா ஆடியது 8 ஆட்டம், அடித்தது 10 கோல். அந்தப் பத்தாவது கோல் சைமனுடையது.

ரோமில் நடந்தது என்ன?

அந்த அணியில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. கேப்டன் பி.கே.பானர்ஜி. கூடவே சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். மூன்று பேரும் கோல் அடிப்பதில் கில்லாடிகள். டிபென்சில் மலை மாதிரி ஜர்னைல் சிங். கோல் கம்பத்துக்கு நடுவே பீட்டர் தங்கராஜ். கோச், ஐதராபாத்தின் எஸ்.ஏ.ரஹீம். 'மைதான்' என்று 2024-ல் இந்திப் படம் வந்ததே, அது இவருடைய கதைதான். இப்படிப்பட்ட படையில், முன்களத்தில் ஆட தஞ்சாவூர்க்காரருக்கு இடம் கிடைத்தது.

இந்தியாவுக்கு விழுந்த பிரிவோ கஷ்டமான பிரிவு. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. பிரிவில் முதல் இடம் பிடிக்கும் ஒரே அணிதான் அரை இறுதிக்குப் போக முடியும். ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது இந்தியா. அந்த ஹங்கேரிதான் கடைசியில் வெண்கலம் வாங்கியது. அடுத்து பிரான்ஸ். பானர்ஜி கோல் அடித்து முன்னிலை வாங்கிக் கொடுத்தார். கடைசி நேரத்தில் பிரான்ஸ் ஒன்று திருப்ப, ஆட்டம் 1-1 என்று டிரா.

மூன்றாவது ஆட்டம் பெருவுடன். அன்று ஒன்றும் எடுபடவில்லை. பெரு 3 கோல் போட்டுவிட்டது. 88-வது நிமிடம். தோல்வி உறுதி. எந்த அணிக்கும் அந்த நேரத்தில் கால் ஓயும், மனசும் ஓயும். சைமன் ஓயவில்லை. பந்தை வலைக்குள் போட்டார். 3-1.

ஆட்டத்தின் முடிவை அந்த கோல் மாற்றவில்லை. ஆனால் மூன்று ஆட்டத்திலும் கோல் போட்ட அணி என்ற பெயர் இந்தியாவுக்கு மிஞ்சியது. அடுத்த 64 வருடத்துக்கு இன்னொரு கோல் வராது என்று அன்று யார் கண்டார்கள்?

கேரளாவுக்குக் கோப்பை

ஆட்டக்காரராக ஒரு சரித்திரம். கோச்சாக இன்னொரு சரித்திரம். அது நடந்தது பக்கத்து மாநிலத்தில்.

சந்தோஷ் டிராபி என்பது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் தேசிய கால்பந்துப் போட்டி. 1941-ல் தொடங்கியது. மாநில அணிகளோடு ரெயில்வே, ராணுவம் போன்ற அணிகளும் ஆடும். பல ஊர் ஆட்கள் ரெயில்வே வேலையில் இருப்பதால் அந்த அணி எப்போதும் பலமாக இருக்கும். கோப்பையை அதிக முறை வாங்கியது மேற்கு வங்காளம்.

கேரளாவில் கால்பந்து என்றால் உயிர். ஆனால் 1973 வரை சந்தோஷ் டிராபி கைக்கு எட்டவில்லை. அந்த வருடம் போட்டி எர்ணாகுளத்தில். சொந்த ஊர், சொந்த ஜனம். தோற்றால் வெளியே தலை காட்ட முடியாது. அந்த அணிக்கு கோச் சைமன் சுந்தரராஜ்.

1973 டிசம்பர் 27, மகாராஜாஸ் கல்லூரி மைதானம். இறுதி ஆட்டத்தில் எதிரே ரெயில்வே. கேரள கேப்டன் டி.கே.எஸ்.மணி ஹாட்ரிக் அடித்தார். 3-2 என்ற கணக்கில் கேரளா ஜெயித்தது. முதல் சந்தோஷ் டிராபி வந்து சேர்ந்தது. அடுத்த கோப்பைக்குக் கேரளா 1990-கள் வரை காத்திருக்க வேண்டி வந்தது என்றால், அன்று நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோல் அடித்தவன் பெயர் ஸ்கோரில் நிற்கும். கோச் பெயர் ஸ்கோரில் வராது. கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் அவர் வேலை. பெருவுக்கு எதிராகத் தானே கோல் அடித்தவர், எர்ணாகுளத்தில் இன்னொருவர் அடிக்கும் கோலுக்காகக் காத்து நின்றார்.

நமக்கு எப்போது?

கேரளாவுக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் தஞ்சாவூர்க்காரர். ஆனால் தமிழ்நாடு இதுவரை ஒரு முறைகூட சந்தோஷ் டிராபியை ஜெயித்ததில்லை. 2011-12-ல் இறுதி ஆட்டம் வரை போய், சர்வீசஸ் அணியிடம் கோட்டை விட்டது.

ஒலிம்பிக் வாசலும் குறுகிவிட்டது. 1992 முதல் அங்கே 23 வயதுக்கு உட்பட்டவர்கள் அணிதான் ஆட வேண்டும். வயது கூடியவர்கள் 3 பேருக்கு மட்டும் அனுமதி. 2024 பாரீஸ் வரை மொத்தம் 16 அணிகளில் ஆசியாவுக்குக் கிடைத்தது மூன்று, நான்கு இடம்தான். ஜப்பான், தென் கொரியா என்று பெரிய கைகளைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

எனவே இந்த சாதனை உடைய வேண்டுமானால், இன்று புழுதி பறக்க பந்து உதைக்கும் 12 வயது, 13 வயது பையன்களுக்கு நல்ல மைதானமும் நல்ல கோச்சும் கிடைக்க வேண்டும். ரன், விக்கெட் சாதனை என்றால் உடையாமல் இருப்பது பெருமை. 'நாட்டின் கடைசி கோல்' என்ற சாதனை உடையாமல் இருப்பது பெருமை அல்ல, வருத்தம்தான். ஒலிம்பிக்கில் இந்தியாவின் 11-வது கோலை எந்த ஊர்ப் பையன் அடிக்கப் போகிறானோ, அதுவரை கணக்கு சைமன் சுந்தரராஜ் பெயரிலேயே நிற்கும்.