ராஜா அனுபவிக்காத அதிசய அலமாரி

போரில் வென்று ஊருக்குள் வருகிற ராஜாவுக்கு என்ன பரிசு கொடுப்பது? தங்கமா? அது அவரிடமே நிறைய இருக்கும். குதிரையா? அதுவும் இருக்கும்.

1632-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகரத்தார் ஓர் அலமாரியைக் கொடுத்தார்கள்!

அதைப் பெற்றுக்கொண்டவர் சுவீடன் நாட்டு மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ப். நகரசபை அதற்காகக் கொடுத்த விலை 6,000 தாலர். தாலர் என்பது அந்தக் காலத்துப் பெரிய வெள்ளி நாணயம். ஓர் அலமாரிக்கு ஆறாயிரம் வெள்ளி நாணயமா என்று மலைக்கலாம். அலமாரியைப் பார்த்தவர்கள் மலைப்பது விலையைக் கேட்டு அல்ல.

அது இன்றும் இருக்கிறது. சுவீடனில் உப்சாலா என்ற ஊரில், பல்கலைக்கழகத்தின் காட்சிசாலையில் நிற்கிறது. சுமார் எட்டடி உயரம். கறுப்பு மரத்தில் சின்னக் கோயில் ஒன்றைக் கட்டி வைத்தது போல இருக்கும். கோபுரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டி மலை! பவளம், சிப்பி, பளிங்குக்கல், உலோகக் கற்கள் எல்லாம் சேர்த்து அடுக்கிய மலை அது.

கதவைத் திறந்தால் உள்ளே இன்னும் கதவு. அதற்குள் இழுப்பறைகள். இழுப்பறைக்குள் பெட்டிகள். அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் பொருள்கள் இருந்தன.

துணி வியாபாரியின் துணிச்சல்

இதைச் செய்வித்தவர் பிலிப் ஹைன்ஹோபர். ஆக்ஸ்பர்க் நகரத்துப் பட்டுத் துணி வியாபாரி. ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் அபூர்வமான பொருள்களைத் தேடிப் பிடித்து விற்பது அவருடைய இன்னொரு தொழில். அவர் உளி பிடித்தவர் அல்ல. ஆனால், எந்த வேலையை யாரிடம் கொடுத்தால் சரியாக வரும் என்று தெரிந்தவர். அதுவும் ஒரு கைத்திறமைதான்.

1625-இல் வேலை தொடங்கியது. 1631 வரை நடந்தது. ஆறு வருஷம்! அதுவும் எப்படிப்பட்ட ஆறு வருஷம்!

ஐரோப்பாவில் அப்போது முப்பது ஆண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1618-இல் ஆரம்பித்த சண்டை. கத்தோலிக்கர் ஒரு பக்கம், லூதரின் வழியைப் பின்பற்றியவர்கள் மறு பக்கம் என்று நாடே பிளந்து கிடந்தது. 1628-இல் ஆக்ஸ்பர்க்கில் பிளேக் நோய் பரவியது. அடுத்த வருஷம் சக்கரவர்த்தியின் உத்தரவால் லூதர் வழியினரின் பாதிரிமார்கள் விரட்டப்பட்டார்கள். ஹைன்ஹோபரும் லூதர் வழியினர்தான்.

இத்தனைக்கும் நடுவே தச்சுப் பட்டறையில் வேலை நிற்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அலமாரி வேண்டும் என்று எந்த ராஜாவும் கேட்கவில்லை! தம்முடைய பணத்தைப் போட்டு, என்றாவது ஒருநாள் ஒருவர் வாங்குவார் என்று நம்பி ஹைன்ஹோபர் செய்வித்தார். போர்க் காலத்தில் இப்படி முதலைப் போடுகிறவரைப் பார்த்து வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கருங்காலி வேலை

தச்சு வேலையை ஏற்றவர் உல்ரிக் பவும்கார்ட்னர். அலமாரியின் உடம்பு ஓக் மரம். அதன்மேல் கருங்காலி மரத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து ஒட்டினார்கள்.

ஏன் முழுவதையும் கருங்காலியிலேயே செய்யவில்லை? கருங்காலி ஐரோப்பாவில் விளையாது. வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டும். எடை அதிகம், விலையும் அதிகம். பெரிய பலகையாகக் கிடைப்பதும் அரிது.

அந்த மரத்தில் வேலை செய்வது லேசல்ல. கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். இழைப்புளியைப் போட்டால் முனை மழுங்கும். அவசரப்பட்டால் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே சுரண்டியும் அரத்தால் ராவியும் பொறுமையாகத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையைச் சூடாகத் தடவி ஒட்டவேண்டும். நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, அதே ஜாதிப் பசைதான்.

ஆக்ஸ்பர்க் தச்சர்கள் இந்த வேலையில் பெயர் பெற்றவர்கள். அந்த ஊரில் கருங்காலி வேலைப்பாட்டுக்கு முத்திரை குத்தும் வழக்கமே இருந்தது. வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கருங்காலி என்று விற்றுவிடக் கூடாது அல்லவா? ஏமாற்று வேலை எந்தக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது!

தச்சர் வேலை முடிந்தால் தட்டார், ஓவியர், கடிகாரம் செய்பவர், வாத்தியம் செய்பவர் என்று ஒவ்வொருவராகக் கைவைத்தார்கள். யோஹான் கோனிக் என்ற ஓவியர் செய்த வேலை அற்புதமானது. அவர் துணியில் வரையவில்லை. அகேட் என்ற கல்லை மெல்லிய பலகையாக அறுத்து அதன்மேல் வரைந்தார். அந்தக் கல்லில் இயற்கையாகவே கோடுகள் ஓடும். பைபிளில் செங்கடல் பிளந்து வழிவிட்ட கதையை அவர் எடுத்துக்கொண்டார். கல்லின் கோடுகளே கடல் அலைகள் ஆயின! மனிதர்களை மட்டும் அவர் வரைந்தார். கடலை இயற்கை முன்பே வரைந்து வைத்திருந்தது.

உள்ளே என்ன?

பொதுமக்கள் போய்ப் பார்க்கும் காட்சிசாலைகள் இல்லாத காலம் அது. உலகத்தில் உள்ளதையெல்லாம் ஒரே அலமாரியில் அடக்கிக் காட்டுவதுதான் ஹைன்ஹோபரின் எண்ணம். கடலில் விளைந்தது, மண்ணில் விளைந்தது, மனிதன் கையால் செய்தது எல்லாம் இருக்கவேண்டும்.

சீப்பும் கண்ணாடியும் சவரச் சாமான்களும் வைத்தார்கள். மருந்துப் பெட்டி வைத்தார்கள். அளவுக் கருவிகள், சதுரங்கம், சீட்டுக்கட்டு, சாப்பாட்டுப் பாத்திரங்கள் எல்லாம் உண்டு. மேல்பகுதியில் ஒரு சிறிய வாத்தியம் மறைந்திருக்கிறது. பியானோவுக்கு மூத்த வகை. கட்டைகளை விரலால் அழுத்தியும் வாசிக்கலாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முடுக்கிவிட்டால் தானாகவே மூன்று பாட்டு வாசிக்கும்! கிராமபோன் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால்!

குறும்புப் பொருள்களும் உண்டு. கைநுழைக்க வழியே இல்லாத கையுறை ஒன்று. நிஜம் என்று கையில் எடுத்து ஏமாறும்படியான போலிப் பழங்கள். நேரே பார்த்தால் கிறுக்கலாகவும், அதற்குரிய விதத்தில் பார்த்தால் உருவமாகவும் தெரியும் படம். வந்த விருந்தாளியை அசடு வழிய வைத்து ராஜா சிரிக்கவேண்டாமா?

மலை உச்சியில் தேங்காய்

குட்டி மலை என்று சொன்னோம் அல்லவா? அதன் உச்சியில் ஒரு பாத்திரம். வெள்ளி வேலைப்பாடு செய்த அந்தப் பாத்திரம் எதனால் ஆனது தெரியுமா? தேங்காய் ஓட்டால்!

சாதாரணத் தேங்காய் அல்ல. கடல் தேங்காய் அது. இரண்டு தேங்காயை ஒட்டவைத்தது போல இருக்கும். நம் நாட்டில் சாதுக்கள் ஏந்தும் திருவோடு பலவும் இந்த ஓட்டால் செய்தவையே. நாட்டு மருந்துக் கடைகளிலும் இதன் பருப்பு உண்டு.

அந்த மரம் இந்துமகா சமுத்திரத்தில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய விதை அதுதான். ஆனால் 1632-இல் இது யாருக்கும் தெரியாது. மாலத்தீவுக் கரையில் ஓடுகள் ஒதுங்கும். மரத்தைக் கண்டவர் இல்லை. கடலுக்கு அடியில் மரம் இருக்கிறது என்று நம்பினார்கள். மாலத்தீவில் ஒதுங்கும் ஒவ்வொரு காயும் ராஜாவுக்குச் சொந்தம். 1768-இல்தான் பிராலின் என்ற தீவில் அந்த மரத்தைக் கண்டுபிடித்தார்கள். இங்கே பிச்சைப் பாத்திரம், அங்கே ராஜாவின் அலமாரிக்குக் கிரீடம்!

ஆறே மாதம்

ஹைன்ஹோபரே மன்னருக்கு அலமாரியைத் திறந்து காட்டினார். ஆனால் மன்னருக்கு அதை அனுபவிக்க நேரம் இல்லை. போர் அழைத்தது. 1632 நவம்பரில் லுட்சன் என்ற இடத்தில் சண்டை. மூடுபனியில் தம் படையைப் பிரிந்த மன்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 37. பரிசு வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. பட்டத்துக்கு வந்த மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

இதற்குமுன் ஹைன்ஹோபர் பொமரேனியா நாட்டுப் பிரபு இரண்டாம் பிலிப்புக்கு இதேபோல் ஓர் அலமாரி செய்து கொடுத்திருந்தார். 1617-இல் அது போய்ச் சேர்ந்தது. 1618 பிப்ரவரியில் அந்தப் பிரபுவும் இறந்துபோனார்! ராசி பார்க்கிறவர்கள் ஹைன்ஹோபரிடம் சாமான் வாங்கப் பயந்திருப்பார்கள்.

ஹைன்ஹோபருக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. சுவீடன்காரர்கள் வந்தபோது நகரசபையில் பதவி கிடைத்தது. 1634-இல் சக்கரவர்த்தியின் படை ஊரை முற்றுகையிட்டது. ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். 1635-இல் ஊர் பணிந்தது. அவர் பதவி போனது. போருக்கு முன் இருந்த ஜனத்தொகையில் பாதிகூட அப்போது மிஞ்சவில்லை. 1647-இல் அவர் காலமானார்.

அலமாரி மட்டும் தப்பியது. 1633-இல் அது சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்து, ஸ்வார்ட்சியோ அரண்மனையில் வைக்கப்பட்டது. பிறகு உப்சாலா கோட்டைக்கு வந்தது. 1694-இல் பதினோராம் கார்ல் மன்னர் அதை உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

எட்டே வருஷம் கழித்து, 1702-இல், உப்சாலாவில் பெருந்தீ பிடித்தது. அலமாரி முன்பு இருந்த கோட்டை எரிந்து பாழாயிற்று!

முதல் அலமாரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பொமரேனியாவிலிருந்து பெர்லின் நகரத்துக்குப் போன அது, இரண்டாம் உலகப் போரில் எரிந்து சாம்பலாயிற்று. உள்ளே இருந்த பொருள்களில் பலவற்றை முன்னதாகவே வேறு இடத்துக்கு மாற்றியிருந்ததால் அவை மட்டும் பெர்லினில் இருக்கின்றன.

உப்சாலா அலமாரி இப்போது நிற்கும் கட்டடத்தின் பெயர் குஸ்தாவியானம். அது 1620-களில் கட்டப்பட்டது. பெயர் குஸ்தாவ் அடால்ப் மன்னருடையதே. பழுதுபார்ப்பதற்காக 2019-இல் மூடிய காட்சிசாலையை 2024-இல் மறுபடியும் திறந்தார்கள்.