கட்டில் உள்ளே வருமா மக்கா?

ஹாஸ்டலை விட்டுட்டு நாலு பேரா சேர்ந்து மாடி ரூம் எடுக்கப் போறீங்களா? இல்ல, அக்கா கல்யாணத்துக்கு கட்டில், பீரோ பார்க்கப் போறீங்களா? எதுவா இருந்தாலும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப்பைக் கையில எடுங்க மக்கா! நாகர்கோவில் பக்கம் கல்யாணச் சீர் வேன்ல வந்து இறங்கும்போது ஊரே வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்துல பீரோ படியில திரும்ப மாட்டேன்னு அடம்பிடிச்சா, பொண்ணோட அப்பா முகத்தை நினைச்சுப் பாருங்க.

முதல்ல ரூம். 10-க்கு 10 அடின்னா 120 இன்ச். கட்டில் நீளம் 78 இன்ச். கால்மாட்டுச் சுவர்ல 19 இன்ச் ஆழத்துக்கு ஒரு பீரோ. தாராளமா அடங்கிடும்தான். ஆனா நடுவுல மிச்சம் 23 இன்ச். 36 இன்ச் அகல பீரோவுக்கு ஒரு கதவு 18 இன்ச். அதைத் திறந்தா மீதி வெறும் 5 இன்ச்! சட்டை எடுக்க கட்டில் மேலதான் ஏறி நிக்கணும். அதனால சாமானை மட்டும் இல்ல, அதோட கதவு திறக்கற இடத்தையும் சேர்த்து அளக்கணும்.

அடுத்து பாதை. கேட், படி, படி திரும்பற இடம், கதவு நிலையோட உள் அகலம்னு எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க. அதுல எது சின்னதோ, அதுதான் முடிவு சொல்லும்.

உயரத்துல பிதாகரஸ் வந்து நிப்பார். 78 இன்ச் உயர பீரோவை படுக்க வெச்சு உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தும்போது அதோட மூலைவிட்டம் 80 இன்ச்சுக்கு மேல போகும். பரண் 79 இன்ச்சுல இருந்தா பீரோ நிக்க இடம் உண்டு, நிமிர்த்தத்தான் முடியாது!

மூலை திரும்பறது சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. ஒரே அகலமுள்ள, 'ட' மாதிரி மடங்கற நடைபாதையில எவ்வளவு பெரிய சோபா திரும்பும்னு 1966-ல லியோ மோசர் கேட்டார். 1992-ல ஜோசப் கெர்வர் ஒரு வடிவம் சொன்னார். 1 மீட்டர் அகலப் பாதைன்னா சுமார் 2.22 சதுர மீட்டர். அதைவிடப் பெரிசு முடியாதுங்கறதுக்கு 2024-லதான் கொரியாவின் ஜினியான் பெக் நிரூபணம் வெளியிட்டார்.

நம்ம ஊர் தச்சர்கள் இதுக்கு வேற வழி வெச்சிருந்தாங்க. தக்கலை பக்கத்துல இருக்கற பத்மநாபபுரம் அரண்மனையோட குறுகலான மரப்படிகள்ல ஏறியிருப்பீங்களே, அந்த மாதிரி படியில ஒரே துண்டு சோபா எப்படி ஏறும்? 24 விரல் சேர்ந்தது ஒரு கோல், சுமார் 72 செ.மீ.ன்னு அளந்து வேலை பார்த்தவங்க அவங்க. பழைய மரக்கட்டில்களை கால், சட்டம், தலைமாடுன்னு தனித்தனியா கழற்றி மாட்டலாம்.

அதனால கடைக்காரர்கிட்ட விலைக்கு முன்னாடி, "அண்ணாச்சி, இதைக் கழற்ற முடியுமா?"ன்னு கேளுங்க. 'ஆமா'ன்னா பேரத்தை ஆரம்பிங்க. 'இல்ல'ன்னா டேப்பை இன்னொரு தடவை நீட்டுங்க!